ராஜ்மகால் மலையில் நான் எடுத்த கல்

டிசம்பர் கடைசி வாரத்தில் நானும் என் வீட்டுக்காரரும் ஜார்க்கண்ட் மாநிலத்து ராஜ்மகால் மலைக்குப் போய் வந்தோம். எரிமலைக் குழம்பு ஆறி இறுகித் தூண் தூணாக நிற்கும் பாறைகளையும், அவற்றுக்கு நடுவே கல்லாகிக் கிடக்கும் பழங்கால இலைகளையும் பார்த்தோம். திரும்பும்போது காப்புப் பகுதிக்குள்ளிருந்து ஒரு கல்லை என் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதற்காக எங்கள் ஜீப் ஓட்டுநரின் அனுமதி அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டினார்கள். நடந்தது இதுதான். வழி, நேரம், செலவு எல்லாம் கீழே இருக்கிறது. போக நினைப்பவர்கள் அதோடு சேர்த்து இதையும் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதலில், ஏன் போனோம் என்பது. புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் கல் கடை வைத்திருக்கிறேன். தரைக்கல், சுவரில் ஒட்டும் கல், தோட்டத்துக் கல். கிரானைட் பட்டறைகளில் கழித்துப் போட்ட துண்டுகளை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி வீடு வீடாக விற்க ஆரம்பித்தவள் நான். இன்று இரண்டு லாரி நிற்கிற அளவுக்கு இடம் இருக்கிறது. போன ஆண்டு ஒரு வாடிக்கையாளர் வந்தார். பிரான்சில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, கடற்கரைப் பக்கம் பழைய வீட்டை விருந்தினர் விடுதியாக மாற்றிக்கொண்டிருப்பவர். போனில் ஒரு படம் காட்டினார். கறுப்புத் தூண்கள், ஒவ்வொன்றும் ஆறு பட்டை. "இந்த மாதிரி பன்னெண்டு தூண் வேணும் மதாம், தோட்டத்துல நட்டு வெக்க" என்றார். செதுக்கித் தருகிறேன் என்றேன். செதுக்கியது வேண்டாம், இயற்கையாக வந்ததுதான் வேண்டும் என்றார். கல் தானாக ஆறு பட்டையாக உடையுமா? இவ்வளவு காலம் கல் விற்றும் எனக்குத் தெரியாது. தெரியாத கல்லை நேரில் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது.

மார்கழியில் யாரும் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள். கடையில் ஈ ஓட்டுகிற மாதம். கிறிஸ்துமஸ் பூசை முடிந்த மறுநாளே கிளம்பிவிட்டோம். என் வீட்டுக்காரர் லூர்து, மின்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். "கல்லப் பாக்க கல்லு கடக்காரி போறா, நான் இன்னாத்துக்கு?" என்று இரண்டு நாள் முணுமுணுத்தார். பெட்டியை மட்டும் எனக்கு முன்னாலேயே கட்டி வைத்திருந்தார்.

ரெட்டியார்பாளையத்திலிருந்து சென்னை விமான நிலையம் வாடகைக் காரில் மூன்று மணி பத்து நிமிஷம், ரூ. 3,200. கொல்கத்தாவுக்கு இரண்டு பேருக்கும் விமானம் ரூ. 13,400. பண்டிகை நேரம் என்பதால் இந்த விலை. முன்கூட்டியே வாங்கினால் குறையும். ஹவுரா நிலையத்துக்கு அருகில் விடுதி ரூ. 1,600. மறுநாள் காலை ரயில், மதியம் இரண்டு பத்துக்குச் சாஹிப்கஞ்ச். கங்கைக் கரையில் புழுதி படிந்த ஊர். புழுதி எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இறங்கியவுடனே புரிந்தது: ஜல்லி லாரிகள். சாலை முழுக்க அவைதான். விடுதி ரூ. 1,200, காலையில் ஒரு வாளி வெந்நீர் சேர்த்து. குளிர் நம்மூர் ஆட்களுக்குத் தாங்காது. கம்பளிக் குல்லா கட்டாயம்.

காப்புப் பகுதிக்குள் சொந்த வண்டி, வெளி வண்டி எதுவும் விட மாட்டார்கள். வாசலில் பதிவு செய்த ஆறு ஜீப்புகள் மட்டும்தான். விடுதிக்காரர் ஏற்பாடு செய்த ஜீப் காலை ஆறரைக்கு வந்தது. ஓட்டுநர் சுனில், முப்பது வயதிருக்கும், மெலிந்த ஆள். கழுத்தில் நீலக் கயிற்றில் அட்டை.

லூர்து தன் இந்தியில் "கித்னா... டைம்..." என்று தொடங்கினார்.

"அண்ணா, தமில் பேசு. நான் திருப்பூர்ல மூணு வருசம். பனியன் கம்பெனி" என்றார் சுனில்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இரண்டாயிரம் கிலோமீட்டர் வந்து கோயமுத்தூர் தமிழ் கேக்க வேண்டியிருக்குது பாரு" என்றார் லூர்து. பனியன் வேலையை விட்டு ஏன் வந்தாய் என்று கேட்டேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் வந்தாராம். வந்த இடத்தில் கல் உடைக்கும் கிரஷரில் இரண்டு வருஷம் வேலை. அதில் நெஞ்சு கெட்டுப்போயிற்று. பேசும்போது நடுவில் நிறுத்தி இருமினார். "இந்த அட்டை கெடச்ச பெறகுதான் மூச்சு நல்லா வருது அக்கா" என்று கழுத்து அட்டையைத் தட்டிக் காட்டினார்.

38 கிலோமீட்டர்தான். லாரி நெரிசலில் ஒரு மணி இருபத்தைந்து நிமிஷம் ஆனது. வழியில் ஒரு பக்கம் பாதி வெட்டிய குன்றுகள். அவற்றின் வெட்டு முகத்தில் தூண்கள் வரிசையாகத் தெரிந்தன. அதே ஆறு பட்டைத் தூண்கள்தான். அவற்றை உடைத்து முக்கால் இஞ்ச் ஜல்லியாக்கிக் கொண்டிருந்தார்கள். ஒரு தூணுக்கு நம்மூரில் என்ன விலை கேட்கலாம் என்று நினைத்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எட்டு மணிக்கு வாசல். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு ரூ. 50, ஜீப்புக்கு ரூ. 200. காவலர் இந்தியில் ஏதோ விதி சொன்னார். லூர்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பதிவேட்டில் சுனில் கையெழுத்துப் போட்டார். நாங்கள் போட வேண்டியதில்லையா என்றேன்.

"இல்ல அக்கா. உள்ள நீ என்ன பண்ணினாலும் நான்தான் பண்ணின மாதிரி" என்று சிரித்தார். "கல்லு பாரு, தொடு, போட்டோ எடு. தூக்க மட்டும் கூடாது."

கேட்டேன். சரி என்றும் சொன்னேன்.

உள்ளே ஏழு கிலோமீட்டர் மண் பாதை. கடைசி ஒரு கிலோமீட்டர் நடை, ஏற்றம் அதிகமில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் தடி வைத்துக்கொள்ளுங்கள். சால் மரங்களைத் தாண்டியதும் சட்டென்று எதிரே தூண்கள். நான்கு ஆள் உயரம். ஒன்றோடு ஒன்று ஒட்டி, யாரோ அச்சில் வார்த்து அடுக்கியது போல. குழம்பு மெதுவாக ஆறும்போது சுருங்கி, வெடிப்பு மேலிருந்து கீழே இறங்கி, இப்படிப் பட்டை பட்டையாகப் பிரியுமாம். விரலால் மூலையைத் தடவினேன். எந்த இயந்திரத்தில் கொடுத்தாலும் இந்த நேர்த்தி வராது. லூர்து பேச்சே இல்லாமல் பத்து நிமிஷம் நின்றார். அவர் வாய் மூடி நின்றதே பார்க்க வேண்டிய காட்சிதான்.

தூண்களுக்குக் கீழே ஓடை. மழைக்காலத்தில்தான் தண்ணீர், இப்போது ஈரம் மட்டும். ஒரு குழம்பு வந்து மூடியதற்கும் அடுத்த குழம்பு வந்ததற்கும் இடையில் பல காலம் போயிருக்கிறது. அப்போது இங்கே காடு வளர்ந்து, இலைகள் சேற்றில் விழுந்து, சேறு கல்லாகியிருக்கிறது. ஆக அங்கே இரண்டு வகைக் கல்: மேலே கறுப்பு, நடுவில் சாம்பல் வெள்ளையாகத் தகடு தகடாகப் பிரிவது. அந்தத் தகட்டுக் கல்லில்தான் இலைகள். ஈச்ச ஓலையைச் சிறிதாக்கி அழுத்தி வைத்ததுபோல ஒரு இலையைச் சுனில் காட்டினார். வயது பதினோரு கோடி வருஷத்துக்கு மேல் என்று பலகையில் எழுதியிருந்தது. நரம்பெல்லாம் தெரிந்தது. இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

பன்னிரண்டு நாற்பதுக்கு ஜீப்பில் ஏறினோம். பகல் இரண்டு மணிக்குள் வாசலைத் தாண்டிவிட வேண்டும். ஒன்று ஐந்துக்கு, வாசலுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, தண்ணீர் பாட்டிலுக்காகப் பைக்குள் கையை விட்டேன். கையில் கல் பட்டது.

கல் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இது புரியும். எந்த மலைக்கு, எந்தக் குவாரிக்குப் போனாலும் உள்ளங்கை அளவு ஒரு துண்டை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். எடுத்தவுடன் தண்ணீர் தொட்டு நிறம் பார்ப்போம், பின்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஊரும் எண்ணும் எழுதுவோம், பைக்குள் போடுவோம். யாரையும் கேட்பதில்லை, குவாரிக்காரர்களும் ஒன்றும் சொல்வதில்லை. பேருந்தில் ஏறினால் சில்லறைக்குக் கை போவதுபோல அது தானாக நடக்கும். ஓடையில் கிடந்த ஒரு சாம்பல் தகடு, சுவரில் ஒட்டுவதற்கு நல்ல கல்லாக என் கண்ணுக்குப் பட்டிருக்கிறது. "ரா.ம. 1 – சுவர்" என்று என் கையெழுத்தில், அழியாத மையில், எழுதியும் வைத்திருக்கிறேன். திருப்பிப் பார்த்தேன். சேறு காய்ந்து உதிர்ந்த இடத்தில் பாதி இலை தெரிந்தது.

"என்னங்க" என்றேன்.

லூர்து பார்த்தார். "அடிப்பாவி. எப்ப எடுத்த?"

"தெரியலங்க. கை எடுத்துக்கிச்சி."

"தூக்கி வெளிய போடு. காட்டுல கல்லோட கல்லா போவுது. சீக்கிரம் மேரி, அவன் பாக்கறதுக்குள்ள."

சுனில் ஏற்கெனவே கண்ணாடியில் பார்த்துவிட்டார். ஜீப்பை ஓரம் கட்டினார். திரும்பிக் கல்லை வாங்கி, எழுத்தைப் பார்த்தார், இலையைப் பார்த்தார்.

"சொன்னேன்ல அக்கா" என்றார்.

"சொன்ன தம்பி."

"நீ ரெண்டு நாள்ல ரயில் ஏறிடுவ. நான் மறுபடி கிரஷருக்குப் போணும்."

லூர்து சொன்னபடி வெளியே போடலாமா என்றதற்குச் சுனில் ஒத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் காவலர்கள் பாதை முழுக்க நடந்து பார்ப்பார்களாம். எழுத்தோடு கல் கிடைத்தால் அன்று உள்ளே போன வண்டி எது என்று பதிவேட்டில் பார்ப்பார்கள். அன்று போனது எங்கள் வண்டி ஒன்றுதான். திரும்பி மேலே போய் வைத்துவிட்டு வந்தால் இரண்டு மணி தாண்டிவிடும்; தாமதத்துக்கும் அட்டை போகும். ஒளித்துக்கொண்டு போகலாம் என்றால், வாசலில் பையைத் திறந்து பார்ப்பது வழக்கம்.

நான் கணக்குப் போட்டேன். அவர்கள் கண்டுபிடித்தால் திருட்டு. நானே எடுத்துக் கொடுத்தால் தப்பு. திருட்டுக்கும் தப்புக்கும் நடுவில்தான் பேச இடம் இருக்கிறது. "நேரா வாசலுக்கு விடு. நான் பேசறேன்" என்றேன்.

"நீ எந்த பாசையில பேசுவ?" என்றார் சுனில், கடுப்பாக.

"நான் தமிழ்ல பேசறேன். நீ அப்பிடியே மாத்திச் சொல்லு. எனக்குச் சாதகமா எதுவும் சேக்காத."

ஒன்று இருபதுக்கு வாசல். பையைத் திறக்கச் சொல்லும் முன் கல்லைக் காவலரின் மேசைமேல் வைத்தேன், எழுத்து மேலே தெரிகிற மாதிரி. அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுனிலிடம் கையை நீட்டினார். சுனில் அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். இழுப்பறை மூடிய சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அதிகாரி வரும்வரை இருக்க வேண்டும் என்றார்கள்.

லூர்து மெதுவாகச் சட்டைப் பைக்குள் கையை விட்டார். நான் அவர் காலை மிதித்தேன். பணத்தை வெளியே எடுத்தால் அத்தோடு கதை முடிந்தது. தப்பு செய்தவள் கள்ளக் கடத்தல்காரி ஆகிவிடுவேன்.

ஒரு மணி ஐம்பது நிமிஷம் காத்திருந்தோம். வாசலுக்கு வெளியே சாலையில் ஜல்லி லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. லூர்துவுக்குப் பொறுக்கவில்லை. "மலைய மொத்தமா ஏத்திக்கினு போறான். ஒரு கையளவு கல்லுக்கு நம்மள ஒக்கார வெச்சிட்டானுங்க" என்று சத்தமாகச் சொன்னார். சுனில் அதை மொழிபெயர்க்கவில்லை. அவராகவே பதில் சொன்னார்: "அந்த மலைக்கு கவர்மெண்ட் சீட்டு இருக்கு அண்ணா. இதுக்கு இல்ல." பிறகு தள்ளிப்போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். நான் கொடுத்த பிஸ்கட்டை வாங்கவில்லை.

மூன்று பத்துக்கு அதிகாரி வந்தார். ஐம்பது வயது, அமைதியான ஆள். சத்தம் போடுகிறவரை விட இப்படிப்பட்டவரிடம்தான் எனக்குப் பயம். எழுத்தைக் காட்டி இது என்ன என்றார். ஊர், எண், எதற்கு ஆகும் என்பது என்றேன். "வியாபாரமா?" ஆமாம், கல் கடை. சுனில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தார். ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை.

"புதைபடிவம் விற்கிறீர்களா?"

"இல்லீங்க. அதுல இலை இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. சுவருக்கு ஒட்டற கல்லுன்னு எடுத்தேன். அதுவும் எடுக்கணும்னு எடுக்கல."

எடுக்க வேண்டும் என்று எடுக்காமல் ஒரு கல் எப்படிப் பைக்குள் வரும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. போனைத் திறந்து என் கடைச் சுவரின் படங்களைக் காட்டினேன். நானூறுக்கும் மேல் மாதிரிக் கற்கள், அலமாரி அலமாரியாக, எல்லாவற்றிலும் அதே மை, அதே எழுத்து. அது எனக்கு எதிராகவே திரும்பலாம் என்று தெரியும். வேறு சாட்சி என்னிடம் இல்லை. அவர் ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தார். இலை இருக்கிற கல் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுகிறார் என்பது புரிந்தது. இல்லை. நெடுநேரம் கழித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தார். ஏதோ சொன்னார். சுனில் முகத்தில் அன்று மத்தியானத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

"என்னா சொன்னாரு?"

"இத்தன மலையிலயும் கை வெச்ச பொம்பளைய இப்பதான் பாக்கறாராம்."

அடுத்து எழுத்தை அழிக்கச் சொன்னார். காவலர் கத்தியை எடுத்துச் சுரண்டப் போனார். "தொடாத!" என்று கத்திவிட்டேன். தமிழ் தெரியாவிட்டாலும் அவர் கை நின்றது. தகட்டுக் கல்லைக் கத்தியால் சுரண்டினால் அடுக்கு பிரிந்து இலையும் சேர்ந்து வந்துவிடும். மை கரைக்கிற மருந்தில் துணியை நனைத்துத் துடைத்தால் மை கல்லுக்குள் இறங்கிவிடும். கறையை உள்ளே தள்ளக் கூடாது, வெளியே இழுக்க வேண்டும். எங்கள் கடையில் பளிங்கில் காபி கொட்டினால் செய்வதும் இதுதான். அந்தப் பக்கத்தில் வீட்டுச் சுவருக்குப் பூசும் வெள்ளை மண் கிடைக்கிறது. காவலர் குடிசைக்குப் பின்னால் அரை மூட்டை இருந்தது. மேசைமேல் கைக்குப் போடும் சானிடைசர், அது மையை இளக்கும். இரண்டையும் குழைத்து, பசைபோலாக்கி, எழுத்தின்மேல் கனமாக அப்பினேன். மேலே பிளாஸ்டிக் தாளை மூடி வைத்தேன்.

"எவ்ளோ நேரம்?" என்றார் சுனில்.

"முக்கா மணி."

"போவலன்னா?"

"போவும்" என்றேன். உள்ளுக்குள் எனக்கே நிச்சயமில்லை. பளிங்கில் செய்திருக்கிறேன், பதினோரு கோடி வருஷத்துச் சேற்றில் செய்ததில்லை.

லூர்து மாதாவை வேண்டிக்கொண்டிருந்தார். அதிகாரி தேநீர் குடித்தார். சுனில் என் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து நிமிஷம் கழித்துத் தாளை எடுத்து, காய்ந்த மண்ணை விரலால் உதிர்த்தேன். மண் நீலமாகியிருந்தது. கல்லில் "சுவர்" என்ற இடத்தில் மட்டும் லேசாக நிழல். இன்னொரு முறை, பத்து நிமிஷத்துக்கு மட்டும், அப்பினேன். நாலரைக்கு அதுவும் போயிற்று. இலை அப்படியே இருந்தது. காவலர் கல்லை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு அதிகாரியிடம் தலையாட்டினார்.

அபராதம் ரூ. 5,000, என் பெயரில், ரசீதோடு. கல்லை எடுத்த இடத்திலேயே நானே வைக்க வேண்டும். காவலரோடு அவர்கள் வண்டியில் போய், இருட்டுவதற்குள் ஓடையில், அதன் அச்சு ஈரமண்ணில் இன்னும் பதிந்திருந்த குழியைத் தேடி வைத்துவிட்டு வந்தேன். இலைப்பக்கம் கீழே, கிடந்த மாதிரியே. சுனிலின் அட்டையை அதிகாரி தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். இன்னொரு முறை அவர் வண்டியில் ஒரு கல் வந்தால் பேச்சே இல்லை என்று சொல்லிக் கொடுத்தார்.

இனி போகிறவர்களுக்கு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மழையில் பாதை வழுக்கும். காலை எட்டு மணிக்கே உள்ளே போய்விடுங்கள். தூண்கள்மேல் வெயில் பத்தரைக்குத்தான் நேராக விழும், அதுவரை ஓடையைப் பாருங்கள். சாப்பாடு உள்ளே கிடையாது. ரொட்டியும் பழமும் கட்டிக்கொள்ளுங்கள். புழுதிக்கு முகக்கவசம். அந்தப் பன்னிரண்டு தூண் கேட்டவரிடம், அதை விற்பவர்கள் யாரும் இல்லை, உடைப்பவர்கள்தான் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார். போகட்டும்.

என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. நாம் கெட்டவர்கள் இல்லை என்று நமக்குத் தெரியும். நம் கைக்கு அது தெரியாது. நம் கை செய்ததற்குக் கையெழுத்துப் போட்டிருப்பவர் வேறு ஒருவர்.

விடுதி வாசலில் சுனிலிடம் வாடகைக்கு மேல் இரண்டாயிரம் நீட்டினேன். வாங்கவில்லை. "காசு வேணாம் அக்கா. உன் ஊர் ஆளுங்கள அனுப்பு. ஆனா நான் சொல்றதுக்கு ஒத்துக்கணும்" என்றார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன், புதுச்சேரியிலிருந்து யார் போனாலும் இதுதான்: நாள் முழுக்க ஜீப் இரண்டாயிரத்து எண்ணூறு, டீசல் சேர்த்து, பேரம் கிடையாது, பேனா, மார்க்கர் விடுதி அறையிலேயே இருக்க வேண்டும், மலையிலிருந்து இறங்கும் முன் அவரவர் பையை அவரவரே சுனில் முன்னால் கவிழ்த்துக் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லியிருக்கிறேன்.